ஒரு 'மா'வின் பின்னால் போவது எப்படி?

என் மேசையில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. முதல் பக்கத்தின் தலையில் 'மா' என்ற ஒரே எழுத்து. அதன் கீழே மொழிகளின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்த மொழியில் 'மா' என்றால் என்ன என்ற குறிப்பு. மொழிபெயர்ப்புகளில் பிழை திருத்துவது என் வேலை. வேலை முடிந்த பிறகு நான் ஆசையோடு திறப்பது இந்த நோட்டைத்தான். இப்படி ஒன்றை நீங்களும் தொடங்கலாம். எனக்குப் பிடிபட்ட வழியைச் சொல்கிறேன்.

சொல் சின்னதாக இருக்கட்டும். ஒரு மெய், ஒரு உயிர் போதும். உலகில் சுமார் 7,000 மொழிகள் இருக்கின்றன. ஆனால் வாய் எளிதாகச் சொல்லக்கூடிய ஓரசைகள் கொஞ்சம்தான். அதனால் அவை மொழிக்கு மொழி திரும்பத் திரும்ப வந்தே தீரும். ம, ந, த, க போன்ற மெய்களில் ஒன்றை எடுத்தால் நிறையக் கிடைக்கும். 'ழ'வை எடுத்தால் சீக்கிரமே நின்றுவிடுவீர்கள்.

சொல்லை எடுத்ததும் வெளியே ஓடாதீர்கள். முதலில் தமிழில் அது என்னென்ன செய்கிறது என்று பாருங்கள். 'மா' ஒரு மரம். மாநகர், மாமழை என்னும்போது பெரியது. அரைத்தால் வருவதும் மா. அரிமா, கைம்மா, பாய்மா என்று சிங்கம், யானை, குதிரை எல்லாவற்றுக்கும் பின்னால் நிற்பதும் மா. தொல்காப்பிய மரபியல் ஐந்தறிவு உயிர்களை இந்தச் சொல்லால்தான் குறிக்கிறது. பழைய கணக்கில் மா என்றால் இருபதில் ஒரு பங்கு. நில அளவையில் 20 மா சேர்ந்தால் ஒரு வேலி. யாப்பு படித்தவர்களுக்குத் தேமா, புளிமா நினைவுக்கு வரும். திருமகளுக்கும் இது பெயர். வீட்டுக்குள்ளேயே இத்தனை என்று தெரிந்துகொண்டு போனால், வெளியே பார்ப்பது எதுவும் விநோதமாகத் தோன்றாது.

அடுத்தது காது. அகராதியில் எழுத்தைப் பார்த்து எழுதிக்கொள்வதை விட, அந்த மொழிக்காரர் ஒருவர் சொல்லிக் கேட்பது பல மடங்கு மேல். மாண்டரின் சீனத்தில் 'மா'வைக் குரல் உயர்த்தி ஒரே மட்டத்தில் நிறுத்தினால் அம்மா. கீழிருந்து மேலே ஏற்றினால் சணல். தாழ இறக்கிச் சொன்னால் குதிரை. சட்டென்று மேலிருந்து கீழே போட்டால் திட்டுவது. வாக்கியத்தின் கடைசியில் அழுத்தமில்லாமல் ஒட்டினால், நம் 'ஆ' போல, அது கேள்வி. வியட்நாமிய மொழியில் ஆறு தொனிகள். பேய், ஆனால், கல்லறை, நாற்று எல்லாம் நம் காதுக்கு 'மா'தான். தாய்லாந்து மொழியில் வா, குதிரை, நாய் மூன்றும் அப்படியே. தமிழ் எழுத்தில் இந்தத் தொனியைக் காட்ட வழியில்லை. அதனால் நான் சொல்லின் தலைக்கு மேலே ஒரு கோடு போடுகிறேன். குரல் ஏறினால் கோடு ஏறும், இறங்கினால் இறங்கும். மூன்று தடவை கேட்டு, மூன்று தடவையும் கோடு ஒன்றுபோல வந்தால்தான் மையால் எழுதுவேன். அதுவரை பென்சில்.

நெடிலா குறிலா என்பதையும் விடாமல் குறியுங்கள். நமக்கு அது பழகிய விஷயம்தான், ஆனால் ஐரோப்பிய எழுத்தில் பார்க்கும்போது கண் தவறவிடும். எஸ்டோனிய மொழியில் குறிலாக 'ம' என்றால் நான். நெடிலாக 'மா' என்றால் நிலம். பக்கத்து ஃபின்னிஷிலும் மா நிலம்தான். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஹங்கேரிய மொழிக்குப் போனால் 'ம' என்றால் இன்று.

பொருளை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள், ஒரு வாக்கியமும் வேண்டும். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது அரபி. 'மா' என்றால் 'என்ன' என்று குறித்து வைத்திருந்தேன். சில மாதம் கழித்து இன்னொரு பக்கத்தில் 'மா' என்றால் 'இல்லை' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. எது சரி? இரண்டும் சரி. 'மா இஸ்முக?' என்றால் உன் பெயர் என்ன. 'மா கால' என்றால் அவன் சொல்லவில்லை. பெயருக்கு முன்னால் கேள்வி, இறந்தகால வினைக்கு முன்னால் மறுப்பு. வாக்கியத்தோடு எழுதியிருந்தால் அன்றைக்கே விளங்கியிருக்கும். போலிஷில் 'ம' என்றால் 'அவரிடம் இருக்கிறது' என்ற முழு வினை. இத்தாலியனில் 'ஆனால்'. தெலுங்கில் 'எங்கள்'. இவற்றை வெறும் பட்டியலாக வைத்தால் ஒன்றும் மனதில் நிற்காது.

இனிதான் கடினமான இடம். ஒரே ஒலி, கிட்டத்தட்ட ஒரே பொருள் என்று இரண்டு மொழிகளில் பார்த்ததும் மனம் துள்ளும். நான் துள்ளியிருக்கிறேன். சீனத்தில் மா என்றால் குதிரை, நம் பாய்மாவும் குதிரை. இரண்டும் ஒன்றே என்று முடிவு கட்டி ஒரு கட்டுரையே எழுதி அனுப்பிவிட்டேன். அதைப் படித்த மூத்த ஆசிரியர் ஒருவர் ஒரே வரி எழுதித் திருப்பி அனுப்பினார்: "இரண்டின் பழைய வடிவத்தையும் பார்த்தீர்களா?" பார்த்தேன். நம் மா பொதுவாக விலங்கு. பாய்கிற மா என்பதால்தான் அது குதிரை. சீனச் சொல்லின் பழைய வடிவத்தில் மகரத்துக்குப் பின்னால் ஒரு ரகரம் இருந்ததாக அறிஞர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள். என் முடிவுக்குக் கால் இல்லை. கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து நோட்டில் 'பழைய வடிவம்' என்று ஒரு தனிப் பத்தி இருக்கிறது.

இப்படி ஏமாற்றும் சொற்களில் பேர்பெற்றது ஒன்று உண்டு. ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியான ம்பபாரத்தில் நாய்க்குச் சொல் 'டாக்'. ஆங்கிலத்திலிருந்து வந்ததல்ல. மொழியியலாளர் டிக்ஸன் அதைக் கேட்டுத் திகைத்து, பிறகு பக்கத்து மொழிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். 'குடகா' என்ற பழைய சொல் தலை தேய்ந்து அப்படி வந்து நின்றிருந்தது. பாரசீகத்தில் 'பத்' என்றால் கெட்டது, ஆங்கிலத்தில் 'பேட்' என்றால் கெட்டது, அவற்றுக்கும் உறவில்லை.

ஆகவே ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே தாத்தா யார் என்று கேளுங்கள். இத்தாலியனும் பிரெஞ்சும் லத்தீனின் பிள்ளைகள். இரண்டிலும் 'ம' உண்டு. இத்தாலியனில் ஆனால், பிரெஞ்சில் என்னுடைய. முன்னது 'மகிஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, பின்னது 'மெயா'விலிருந்து. இத்தாலிய 'ம'வின் உண்மையான உடன்பிறப்பு பிரெஞ்சில் 'மே' என்று ஒலிக்கும் வேறொரு சொல். அதற்கும் பொருள் ஆனால்தான்.

கடன் போன சொல்லுக்கு வேறு வழி. அது பண்டத்தோடு சேர்ந்து பயணம் செய்யும். 'மாங்காய்' போர்ச்சுகீசியரின் வாயில் 'மங்கா' ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்தில் 'மாங்கோ' ஆனது. ஆனால் போர்ச்சுகீசியத்தில் 'மங்கா' என்றால் சட்டைக் கையும்கூட. அது லத்தீன் வழி வந்த வேறு சொல். ஜப்பானியரின் படக்கதையான 'மங்கா' மூன்றாவது, இரண்டோடும் சேராதது.

அம்மா என்ற பொருளில் வரும் மா, மாமா வகைகளை நான் தனிப் பக்கத்தில் வைக்கிறேன். அங்கே உறவு, கடன் இரண்டையும் தேடிப் பயனில்லை. குழந்தை உதட்டை மூடித் திறந்தாலே வரும் ஒலி அது. பெற்றவர்கள் தங்களைத்தான் கூப்பிடுகிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் இதை விளக்கி எழுதியிருக்கிறார். ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா, அம்மாவுக்கு 'தேதா'.

நிஜ உறவு பல நேரம் முகச்சாயல் இல்லாமல் நிற்கும். தெலுங்கு 'மா'வை நான் வருடக்கணக்கில் தனியாகவே வைத்திருந்தேன். 'மா ஊரு' என்றால் கேட்பவரைச் சேர்க்காத எங்கள் ஊர். சேர்த்துச் சொன்னால் 'மன ஊரு'. அப்புறம்தான் உறைத்தது: எம்மூர், நம்மூர்! எம் என்பதன் மகரம் முன்னுக்கு வந்து 'மா', நம் என்பது முன்பின் மாறி 'மன'. நோட்டில் உள்ள அத்தனை 'மா'க்களிலும் இது ஒன்றுதான் நம் வீட்டுப் பிள்ளை என்று உறுதியாகச் சொல்வேன். அது நம் 'மா' எதனோடும் ஒட்டவில்லை, 'எம்'மோடு ஒட்டுகிறது.

இப்போது இரண்டாவது நோட்டு தொடங்கியிருக்கிறேன். சொல் 'நா'. தமிழில் நாக்கு, ஜப்பானியத்தில் பெயர், தாய்லாந்து மொழியில் வயல், கொரியனில் நான். கடைசியைப் பார்த்ததும் மறுபடி மனம் துள்ளியது. உடனே பழைய வடிவப் பத்திக்குப் போனேன். நம் 'நான்' பிற்காலத்தது, சங்கப் பாட்டில் இருப்பது 'யான்'. கொரியன் 'நா'வுக்கு எதிரே இப்போதைக்குப் பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன்.