வயதான பிக்குணிகளுக்கு என்ன கொடுக்கலாம்?

வயதான பிக்குணிகளுக்கு, அதாவது பௌத்தப் பெண் துறவிகளுக்கு, உதவ நினைத்தால் முதலில் நினைவுக்கு வருவது அவர்கள் உடுத்தும் சீவர ஆடைதான். அவர்கள் பெட்டியில் மடிப்புக் கலையாத ஆடைகள் ஏற்கெனவே இருக்கும். மூக்குக் கண்ணாடியின் கால் மட்டும் நூலால் கட்டியிருக்கும்.

துறவிக்கு வேண்டியவை உடை, உணவு, தங்குமிடம், மருந்து என நான்கு. முதுமையில் மருந்துக்குத்தான் கை நீளவேண்டும். மாத்திரை, கண் பரிசோதனை, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி. மடத்தைக் கவனிப்பவரிடம் கேட்டுவிட்டு, சிறு தொகையானாலும் மாதாமாதம் கொடுங்கள். பொன், வெள்ளி ஏற்காமை பௌத்தத் துறவிகளின் பத்துச் சீலங்களில் (ஒழுக்க விதிகளில்) ஒன்று. அதனால் பணத்தைப் பிக்குணியின் கையில் கொடுக்காமல் பொறுப்பாளரிடம் கொடுப்பதே மரியாதை.

தாய்லாந்தில் மே சீ, மியான்மரில் திலஷின் எனப்படும் துறவிப் பெண்கள் முழுமையான பிக்குணி தீட்சை பெறாதவர்கள். ஆண் துறவிகளான பிக்குகளுக்குக் கிடைக்கும் அளவு ஆதரவு இவர்களுக்குக் கிடைப்பதில்லை. எனக்கு இது பெரிய வருத்தம். முடிந்தால் இவர்களை முதலில் நினையுங்கள்.

அப்புறம், சமைத்த உணவு கொண்டுபோனால் நண்பகலுக்கு முன்பே சேர்த்துவிடுங்கள். நோயுற்றவருக்குத் தேன், நெய், வெல்லம் ஆகியவற்றை மருந்தாக ஏழு நாள் வரை வைத்துக்கொள்ள விநயம் என்னும் துறவிகளின் விதிநூல் அனுமதிக்கிறது. ஆகவே சின்னப் புட்டியாக வாங்குங்கள்.