நலோக்சோன் ஸ்பிரேயை ஸ்காபரோத் தமிழ் வீடுகளுக்குக் கொண்டுபோவது எப்படி

ஓபியாய்டு என்ற வகை வலிமருந்தோ போதைப்பொருளோ அளவு மிஞ்சி மூச்சு நிற்கப் பார்ப்பவரை மீட்கும் மருந்துதான் நலோக்சோன். டொரொன்டோவின் ஸ்காபரோவில் 'போதைப்பொருள் விழிப்புணர்வு' என்று கூட்டம் போட்டால் நம் ஆட்கள் வரமாட்டார்கள், பார்த்தவர்கள் என்ன கதைப்பார்களோ என்ற பயம். 'வலிக் குளிசைகளைப் பத்திரமாக வைத்திருப்பது எப்படி' என்று போடுங்கள், அம்மம்மாக்களே முன்வரிசையில் வந்து இருப்பார்கள். முழங்கால் ஒப்பரேஷனுக்குப் பிறகு மிஞ்சிக் கிடக்கும் ஹைட்ரோமார்போனும் கோடீன் கலந்த டைலனோல் 3-உம் ஓபியாய்டுதான். மிஞ்சியதைப் பார்மசியில் காசில்லாமல் திருப்பிக் கொடுக்கலாம், நித்திரைக் குளிசையோடோ மதுவோடோ சேர்த்து எடுத்தால் மூச்சே நின்றுவிடலாம்.

அங்கிருந்து பேச்சை ஃபென்டனிலுக்கு, அதாவது மிகக் கொஞ்சமே உயிரை எடுக்கக்கூடிய வீரியமான ஓபியாய்டுக்கு, கொண்டுபோவது சுலபம். தெருவில் வாங்கும் குளிசையில் அது இருக்கிறதா என்று பார்த்தோ மணந்தோ கண்டுபிடிக்க முடியாது. சிறையிலோ சிகிச்சை நிலையத்திலோ இருந்துவிட்டு வருபவருக்கு உடம்பின் பழக்கம் விட்டுப்போயிருக்கும், பழைய அளவே உயிரை எடுத்துவிடலாம், இதை வீட்டார் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் ஸ்பிரே. ஒன்ராறியோவில் 2016 முதல் பார்மசிகளில் நலோக்சோன் கிட் இலவசம், மருந்துச்சீட்டு வேண்டாம். எல்லாக் கடையிலும் இருக்காது, போன் பண்ணிக் கேளுங்கள். முடிந்தால் பார்மசிஸ்டையே கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள்.

ஒருவர் எழுப்பியும் எழும்பவில்லை, உதடு நீலம் பாய்ந்திருக்கிறது, குறட்டை போல ஒரு சத்தம், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கிறது என்றால் நெஞ்செலும்பில் கைவிரல் முட்டிகளால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். அசைவில்லையா, உடனே அவசர உதவி எண் 911ஐ அழையுங்கள். 'டமில்' என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, ஸ்பிரேயை ஒரு மூக்குத்துளைக்குள் வைத்து முழுதாக அமுக்குங்கள். முன்கூட்டியே சோதித்துப் பார்க்காதீர்கள், உள்ளே ஒரு தடவைக்கான மருந்துதான் இருக்கிறது. 911இல் சொல்கிறபடி மூச்சுக் கொடுங்கள், நெஞ்சை அமுக்குங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் மாற்றம் இல்லையென்றால் அடுத்த ஸ்பிரே, மற்ற மூக்கில். தண்ணீர் ஊற்றுவது, நடக்கவைப்பது எல்லாம் வீண் வேலை. ஓபியாய்டு எடுக்காதவருக்குத் தவறிக் கொடுத்தாலும் ஆபத்தில்லை.

எழும்பிவிட்டாலும் தனியே விடாதீர்கள்: நலோக்சோனின் வேலை 20 முதல் 90 நிமிடத்தில் தீர்ந்துவிடும், ஓபியாய்டு அதற்குப் பிறகும் உடம்பில் இருக்கலாம்.

பொலிஸ் வருமே என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். கனடாவின் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, உதவிக்கு அழைத்தவர் மீதும் அங்கிருப்பவர்கள் மீதும் தம் பாவனைக்குப் போதைப்பொருள் வைத்திருந்ததாக வழக்குப் போடமுடியாது, விற்பவருக்கு அந்தச் சலுகை இல்லை.

கிட்டைக் காரில் விட்டுவிட வேண்டாம், ஜனவரிக் குளிரில் உறைந்துபோகும். வீட்டில் எந்த லாச்சியில் இருக்கிறது என்று பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.