ராத்திரியில் கத்தும் வயசான பூனைக்கு

பத்து வயதைத் தாண்டிய பூனை நடுராத்திரியில் எழுந்து, எதிரே யாருமே இல்லாமல் அடித்தொண்டையில் கத்துகிறதா? சுவரையே வெறித்துப் பார்க்கிறதா? இப்போதுதான் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தட்டருகே வந்து நிற்கிறதா? மனிதர்களுக்கு வருவதுபோல் பூனைக்கும் மறதி நோய் வரும். 15 வயதைக் கடந்த பூனைகளில் ஏறக்குறைய பாதிக்கு இதன் அறிகுறி ஒன்றாவது தென்படும்.

ஆனால் நாமாகவே மறதி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தைராய்டு அதிகம் சுரந்தாலும், ரத்த அழுத்தம் ஏறினாலும், சிறுநீரகம் பழுதானாலும், மூட்டு வலித்தாலும் இதே கூத்துதான். இவற்றுக்கு மருந்து உண்டு. அதனால் ரத்தப் பரிசோதனையோடு பிரஷரும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். காலிலோ வாலிலோ சின்னப் பட்டை சுற்றிப் பார்ப்பார்கள். ராத்திரிக் கத்தலை மட்டும் செல்போனில் வீடியோ எடுத்துக் கொண்டு போங்கள். டாக்டர் முன்னால் அது பரம சாதுவாக உட்கார்ந்திருக்கும்!

வீட்டில் சோபா, கட்டில், பூனை மலஜலம் கழிக்கும் மண் தட்டு எதையும் இடம் மாற்றாதீர்கள். வழியில் ஒரு ஜீரோ வாட் பல்பு எரியட்டும். மண் தட்டின் விளிம்பு உயரமாக இருந்தால் தாண்ட முடியாமல் பக்கத்திலேயே போய்விடும். பழைய பிளாஸ்டிக் டப்பின் ஒரு பக்கத்தை அடியில் இரண்டு அங்குலம் விட்டு வெட்டி, வெட்டிய முனையில் டேப் ஒட்டினால் போதும். படுக்கப் போகும்முன் கொஞ்ச நேரம் விளையாட்டு, பிறகு ஒரு பிடி சாப்பாடு.

வலிக்கிறதே என்று பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம்.