சிம்மையும் போனையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள்: கொழும்பில் நெட்வொர்க் மாறுவோருக்கான செய்முறை

புது போன் வாங்கும் அன்றே நெட்வொர்க்கையும் மாற்றிவிட்டால், மறுநாள் கோல் விட்டுவிட்டுக் கேட்கும்போது கோளாறு போனிலா சிம்மிலா என்று கண்டுபிடிக்க முடியாது. முதலில் நெட்வொர்க், பிறகு போன், கடைசியில் எண். இந்த ஒழுங்கில் செய்யுங்கள். இரண்டு மூன்று வாரம் எடுத்தாலும் பரவாயில்லை. இது புது எண் எடுத்து மாறுபவர்களுக்கான விளக்கம்.

படி 1: பழைய போனிலேயே புது சிம்மைச் சோதியுங்கள்

மூன்று கொம்பனிகள் இருக்கின்றன: டயலொக் (077, 076, 074), எஸ்எல்டி மொபிடெல் (071, 070), ஹட்ச் (078, 072). எயார்டெல் (075) 2024 ஜூனில் டயலொக்குடன் இணைந்துவிட்டது. எனவே 075-ஐ விட்டு 077-க்குப் போகிறவர் அதே கொம்பனிக்குள்தான் சுற்றுகிறார்.

மாற நினைக்கும் கொம்பனியின் ப்ரீபெய்ட் சிம் ஒன்றை அடையாள அட்டையுடன் போய் உங்கள் பெயரிலேயே எடுங்கள். ஏற்கெனவே அக்டிவேட் செய்தது என்று கடைக்காரர் நீட்டும் சிம் வேண்டாம். வேறொருவர் பெயரில் உள்ள சிம் தொலைந்தால், அதே எண்ணில் மாற்று சிம் எடுப்பது பெரும்பாடு.

சிறிய டேட்டா பெக்கேஜ் ஒன்றைப் போட்டு ஒரு வாரம் பாவியுங்கள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தொடர்மாடியில் இருப்பவர்கள் பல்கனியில் நின்று பார்த்துத் திருப்திப்படக் கூடாது. சமையலறை, கட்டில் பக்கம், லிஃப்ட் வாசல் என்று ஒவ்வோர் இடமாகப் பாருங்கள். அன்ட்ரொயிட் போனில் செட்டிங்ஸுக்குள் ‘போனைப் பற்றி’, அதற்குள் ‘சிம் நிலை’ என்று போனால் சிக்னல் பலம் டிபிஎம் அளவில் தெரியும். அது எதிர்மறை எண். பூச்சியத்துக்குக் கிட்ட வரவர நல்லது. 4ஜியில் -95 அல்லது அதைவிட நன்றாக இருந்தால் கவலையில்லை. -110-ஐத் தாண்டிக் கீழே போனால் கோல் வெட்டுப்படத் தொடங்கும்.

இரவு 8 மணியிலிருந்து 10 மணி வரை கட்டாயம் சோதியுங்கள். சிக்னல் கோடுகள் முழுதாக இருந்தும் வீடியோ சுற்றிக்கொண்டே நின்றால், அந்தக் கோபுரத்தில் ஆட்கள் நெரிசல் என்று அர்த்தம். எவ்வளவு விலை கொடுத்துப் போன் வாங்கினாலும் அது தீராது.

படி 2: போனைத் தெரிவு செய்தல்

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவானாலும் கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசாவானாலும், காசு கொடுக்குமுன் முதலில் செய்ய வேண்டியது இதுதான்: *#06# அழுத்துங்கள். திரையில் 15 இலக்க ஐஎம்ஈஐ எண், அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண், வரும். இரட்டை சிம் போனில் இரண்டு வரும். IMEI என்று ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 1909-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அந்தப் போன் பதிவாகியிருக்கிறதா என்று பதில் வரும். 2025 ஜனவரி 28-க்குப் பிறகு புதிதாக இணைக்கப்படும் போன்களுக்கு இந்தப் பதிவு அவசியம். லண்டனிலிருந்து சித்தி கொண்டுவந்த போனையும் இப்படியே பாருங்கள். பெட்டியிலும் பில்லிலும் அதே எண் இருக்க வேண்டும்.

அடுத்து சிம் தட்டை வெளியே இழுத்துப் பாருங்கள். சில போன்களில் இரண்டாவது சிம்முக்கும் மெமரி கார்டுக்கும் ஒரே குழிதான். நீங்கள் கொஞ்சக் காலம் இரண்டு சிம்மோடு இருக்கப் போகிறீர்கள், ஆகவே அத்தகைய போனென்றால் உள் சேமிப்பு 128 ஜிபிக்குக் குறையக் கூடாது. அமெரிக்காவில் விற்கப்பட்ட ஐபோன் 14-உம் அதற்குப் பிந்தியவையும் சிம் குழியே இல்லாமல் வருகின்றன. அவற்றில் இசிம் (போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் சிம்) மட்டும்தான்.

இங்கே 4ஜிக்கு 1800 மெகாஹேர்ட்ஸ் (பட்டை 3), 900 மெகாஹேர்ட்ஸ் (பட்டை 8) என்ற இரண்டு அலைவரிசைகளும் முக்கியம்; போன் இரண்டையும் பிடிக்க வேண்டும். 900 சுவர்களைத் தாண்டி நன்றாக உள்ளே வரும். வோல்ட்இ, அதாவது 4ஜியிலேயே கோல் பேசும் வசதி, பற்றியும் கேளுங்கள். அதை ஒவ்வொரு கொம்பனியும் குறிப்பிட்ட மாடல்களுக்கே திறந்துவிடுகிறது. இங்கே அதிகாரபூர்வமாக விற்கப்படாத மாடலில் அது வராமல் போகலாம். அப்போது கோல் எடுத்தவுடன் போன் 4ஜியை விட்டு இறங்கிவிடும், டேட்டாவும் படுத்துவிடும். கடையிலேயே உங்கள் சிம்மைப் போட்டுக் கோல் எடுங்கள்; மேலே 4ஜி அடையாளம் அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள்.

பாவித்த போன் என்றால் விற்பவரே உங்கள் முன்னால் முழுதாக ரீசெட் செய்ய வேண்டும். மறுபடி தொடங்கும்போது பழைய உரிமையாளரின் கூகுள் கணக்கையோ ஆப்பிள் கணக்கையோ கேட்டால் அந்தப் போனை வாங்காதீர்கள். ஐபோனில் பற்றரி நலம் 80 சதவீதத்துக்குக் கீழே என்றால் புதுப் பற்றரிச் செலவையும் விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

வாரண்டி கொம்பனி வாரண்டியா கடை வாரண்டியா என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சுக்குப் பெறுமதி இல்லை. மென்பொருள் அப்டேட் எத்தனை வருடம் என்பதும் விலைக்குச் சமமான விஷயம்: சாம்சங் ஏ16-க்கு 6 வருடம், எஸ்24-க்கு 7 வருடம் என்று கொம்பனியே அறிவித்திருக்கிறது.

படி 3: எண்ணை நகர்த்துதல்

பழைய சிம்மில் சேமித்த தொடர்பு எண்களை முதலில் கூகுள் கணக்குக்கு ஏற்றுங்கள். பிறகு புதுப் போனில் இரண்டு சிம்மையும் போட்டு, டேட்டாவைப் புது சிம்முக்குக் கொடுங்கள்.

எண் மாற்றத்தை வங்கியிலிருந்து தொடங்குங்கள். சில வங்கிகள் கிளைக்கு வந்து படிவம் நிரப்பச் சொல்லும். புது எண்ணுக்கு ஓடிபி வந்து, ஒரு சிறிய தொகையை அனுப்பிப் பார்த்த பிறகே அந்த வங்கி முடிந்ததாகக் கணக்கு. அடுத்து கூகுள், பேஸ்புக், பிக்மீ. ஈசி கேஷ், எம்கேஷ் போன்ற மொபைல் பணக் கணக்குகளில் மீதிப் பணம் கிடந்தால் எடுத்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், கணக்கு, ‘எண்ணை மாற்று’ என்ற வழியாகவே போங்கள். அதை விட்டுப் புது எண்ணில் நேரடியாகத் தொடங்கினால் குழுக்கள் எல்லாம் பழைய எண்ணோடு நின்றுவிடும்.

பழைய சிம்மைக் குறைந்தது ஆறு மாதம் உயிரோடு வைத்திருங்கள். செல்லுபடிக் காலம் முடியுமுன் சிறிய ரீலோட் ஒன்று போடுங்கள். கைவிட்ட எண் பிறகு வேறொருவருக்குப் போகும். நீங்கள் மாற்ற மறந்த கணக்கின் ஓடிபி அவர் கைக்குத்தான் கிடைக்கும். போஸ்ட்பெய்ட் என்றால் கடைசி பில்லைக் கட்டி, இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மாத வாடகை ஏறிக்கொண்டே இருக்கும்.