லைன் வண்டி ஓட்டிக்கொண்டு கேம் ஆட நேரம் பிடிப்பது எப்படி?

"லாரி ஓட்டுறவனுக்கு கேம் ஆட ஏதுண்ணே நேரம்?" என்று லைனுக்கு, அதாவது வெளியூர் நெடுந்தூர ஓட்டத்துக்கு, புதிதாக வரும் பையன்கள் கேட்கிறார்கள். நான் நாமக்கல் பக்கம், நேஷனல் பெர்மிட் வண்டி ஓட்டுகிறேன். ஓட்டுகிற மணிக்கணக்கை மட்டும் பார்த்தால் நேரமே கிடையாதுதான். ஆனால் காத்துக் கிடக்கிற நேரம் என்று ஒன்று இருக்கிறதே, அதை யாரும் கணக்கு பார்ப்பதில்லை.

படி 1: ஒரு ட்ரிப்பை எழுதிப் பாருங்கள்

சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றி நாக்பூரில் இறக்குவதாக வைத்துக்கொள்வோம். 1,200 கிலோமீட்டருக்கு மேல், பெரும்பாலும் 44-ம் நம்பர் நெடுஞ்சாலைதான். வண்டி எங்கே நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்று ஒரே ஒரு ட்ரிப்புக்கு நோட்டில் குறித்து வாருங்கள். லோடு ஏற்றும் இடத்தில் வரிசை, ஊருக்குள் லாரி நுழையக் கூடாத நோ என்ட்ரி நேரம் முடியும்வரை நிற்பது, குடோனில் இறக்க ஆள் வராதது, அப்புறம் எல்லாவற்றுக்கும் மேலே ரிட்டர்ன் லோடு, அதாவது ஊர் திரும்ப சரக்கு கிடைக்கும்வரை காத்திருப்பது. அது சில சமயம் ஒரு நாள், சில சமயம் மூன்று நாள்கூட இழுக்கும்.

படி 2: காத்திருப்புக்கு ஏற்ற கேம்

நான் பட்டு அறிந்தது இது. ஒரு குடோன் வாசலில் வரிசையில் நின்றபடி பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை கேம் ஆடிக்கொண்டிருந்தேன். 100 பேர் இறங்குகிற ஆட்டம், பெரிய மேப் என்றால் அரை மணி நேரம் ஓடும், நடுவில் நிறுத்தி வைக்க வழியில்லை. கடைசிப் பத்துப் பேரில் நானும் இருக்கிறேன், வெளியே கூப்பிடுவது காதில் விழவே இல்லை, பின்னால் நின்ற வண்டி உள்ளே போய்விட்டது, எனக்கு மறுநாள் காலைதான் இறக்கினார்கள். முதலாளியிடம் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டேன் என்பதை இங்கே எழுத முடியாது.

அதனால், எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாத இடத்தில் பாதியில் விட்டு எழுந்து போகக்கூடிய ஆட்டம்தான் சரி: செஸ், புதிர் விளையாட்டு, அல்லது கிளீனரோடு ஒரே போனில் மாற்றி மாற்றி ஆடும் லூடோ. நோ என்ட்ரி முடியும் நேரம் உங்களுக்கே தெரியும், அங்கே அதே மாதிரி சண்டை கேமான ப்ரீ ஃபயர் மேக்ஸ் ஒன்றிரண்டு ஆட்டம் போடலாம், ஒன்று பத்து நிமிடம் போலத்தான் வரும். ரிட்டர்ன் லோடுக்குப் படுத்திருக்கும்போது எது வேண்டுமானாலும் ஆடுங்கள். நான் அப்போது பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா ஆடுவேன். ராத்திரி பகலாக ஸ்டியரிங் பிடித்தவன் போனிலும் ஸ்டியரிங்கா என்று கிளீனர் சிரிப்பான், சிரிக்கட்டும்.

படி 3: வீட்டிலேயே ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள்

கேமையும் அதன் அப்டேட்டையும் வீட்டு வைஃபையில் இறக்கிவிடுங்கள், ரோட்டில் ஆரம்பித்தால் அன்றைய டேட்டா அதிலேயே போய்விடும். இறக்கியதும் போனை ஃப்ளைட் மோடில் போட்டு கேமைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் சிக்னல் இல்லாத இடத்தில் அது உதவும். சில கேம்கள் தனியாக ஆடுவது போலத் தெரியும், ஆனால் நெட் இல்லாவிட்டால் முதல் பக்கத்தைத் தாண்டாது.

படி 4: சார்ஜ்

கார் கடையில் கிடைக்கிற சார்ஜரை அப்படியே வாங்கி வந்து சொருகாதீர்கள். காரில் 12 வோல்ட், நம் கனரக வண்டியில் இரண்டு பேட்டரியைத் தொடராக இணைத்து 24 வோல்ட். சார்ஜரில் 12-24 வோல்ட் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள், 12 மட்டும் என்றால் அது கருகிவிடும், போனையும் சேர்த்துக் கெடுக்கலாம். ஒரு பவர் பேங்க் வைத்துக்கொண்டு வண்டி ஓடும்போது அதை நிரப்பிவிட்டால், நிற்கும்போது வண்டி பேட்டரியைத் தொடவே வேண்டாம். கேம் ஆடிச் சூடான போனை டேஷ்போர்டு வெயிலில் வைப்பதும் கூடாது.

படி 5: தூக்கத்திலிருந்து எடுக்காதீர்கள்

2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வரும்வரை இருந்த 1961-ம் வருட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலையாக இருந்தது. படித்துவிட்டுச் சிரிக்காதீர்கள். லைனில் நடப்பது வேறு என்பதால்தான், கிடைக்கிற ஓய்வில் முதல் பங்கு தூக்கத்துக்கு என்று சொல்கிறேன். விடியற்காலை மூன்று, நான்கு மணிக்குக் கண் தானாகச் சொருகும், "இன்னும் ஒரே ஆட்டம்" என்று விழித்திருந்தது அப்போது வட்டியோடு வரும். ராத்திரி ஓட்ட வேண்டிய நாளில் சாயங்காலம் தூங்கி எழுந்து, மிச்சம் இருந்தால் ஆடுங்கள். ஆரம்பிக்கும்போதே அலாரம் வைத்துவிடுங்கள். வண்டி ஓடும்போது போன் உங்கள் கைக்கு வரவே கூடாது, டோல்கேட் வரிசையில் நகரும்போதும்தான்.

படி 6: ரம்மி வேண்டாம்

பேட்டா காசை அதில் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் கேம்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு சட்டமே கொண்டுவந்துவிட்டது. இன்னும் யாராவது லிங்க் அனுப்பினால் அழித்துவிடுங்கள்.

படி 7: வீட்டோடு ஒரு நேரம் பேசி வையுங்கள்

வண்டி நிற்கிற நாளில் ராத்திரி ஒன்பது மணிக்கு நானும் என் மகளும் ஆன்லைனில் லூடோ ஆடுவோம். அவள் தன் காயை நகர்த்திக்கொண்டே பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்லிவிடுவாள், "சாப்டியா, படிச்சியா" என்று நான் போன் போட்டுக் கேட்டால் "ம்" என்பதோடு சரி. நடுவில் லோடு புரோக்கர் போன் வந்தால் ஆட்டத்தை விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். அதையும் அவள் ஜெயித்த கணக்கில்தான் எழுதிக்கொள்கிறாள்.