கேரட், முள்ளங்கி, பீட்ரூட்டுக்கு வீட்டிலேயே விதை நாடா செய்யும் முறை

கேரட் விதை எள்ளைவிடச் சிறியது. கை ஈரமாக இருந்தால் விரலோடு ஒட்டிக்கொள்ளும். காய்ந்திருந்தால் மொத்தமாகக் கொட்டிவிடும். மாடித்தோட்டம் தொடங்கிய முதல் ஆண்டில், ஒரு பொட்டலம் விதை முழுவதையும் ஒரே செடிப்பையில் தூவி, மூன்று மாதம் தண்ணீர் ஊற்றி, கடைசியில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத கேரட்டுகளைத்தான் நான் பிடுங்கினேன். நெருக்கமாக முளைத்தவற்றைக் களைந்திருக்க வேண்டும். ஆனால் முளைத்த செடியைப் பிடுங்கி எறிய, புதிதாகத் தோட்டம் போடுகிறவருக்கு மனம் வருவதில்லை.

விதை நாடா இந்த வேலையை விதைப்பதற்கு முன்பே முடித்துவிடுகிறது. மெல்லிய காகிதப் பட்டையில், செடிக்குச் செடி எவ்வளவு இடைவெளி வேண்டுமோ அதே இடைவெளியில் விதைகளை மாவுப் பசையால் ஒட்டிக் காயவைத்து, பிறகு அந்தப் பட்டையை அப்படியே மண்ணில் கிடத்தி மூடுகிறோம். காகிதம் நனைந்து மட்கிப்போகும். செடிகள் வரிசை பிசகாமல் எழும்பும். ஐப்பசி, கார்த்திகை மழையில் விதைகள் அடித்துச் செல்லப்பட்டு ஒரு மூலையில் குவிந்துவிடும் தொல்லையும் இதனால் பெருமளவு குறைகிறது.

எல்லாப் பயிருக்கும் இது தேவையில்லை. கேரட், முள்ளங்கி, பீட்ரூட் ஆகிய மூன்றுக்கு இதைச் செய்வது பயனுள்ளது. ஏனெனில் இவற்றில் நாம் உண்பது வேர்ப்பகுதி, அது பருக்க இடம் வேண்டும். நாற்றாக வளர்த்துப் பிடுங்கி நட்டால் கேரட்டின் ஆணிவேர் வளைந்தோ கிளைத்தோ போய்விடும் என்பதால், விதைத்த இடத்திலேயே அது வளர்ந்தாக வேண்டும். தக்காளி, கத்திரி, மிளகாய் ஆகியவற்றுக்கு நாற்றுவிடும் முறையே சிறந்தது. வெண்டை, அவரை விதைகளை விரலாலேயே ஊன்றிவிடலாம். கீரைக்கு நாடா செய்யலாம்தான். ஆனால் விதையைப் பொடிமணலோடு கலந்து தூவும் நம் பழைய வழக்கம் இருக்கும்போது, அரைக்கீரை விதையை ஒவ்வொன்றாக எண்ணி ஒட்டுவது வீண் உழைப்பு என்பதே என் எண்ணம்.

தேவையானவை

டிஷ்யூ பேப்பர், மைதா அல்லது கோதுமை மாவு, பல்குத்தும் குச்சி, அளவுகோல், கத்தரிக்கோல், ஒரு பிளாஸ்டிக் தாள். இவ்வளவுதான்.

இவற்றில் காகிதத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். சமையலறையில் துடைக்கப் பயன்படும் தடித்த காகிதச் சுருளை, நனைந்தாலும் கிழியாதபடி செய்திருப்பார்கள். அது மண்ணுக்குள் எளிதில் கரையாது. ஒரு துண்டைத் தம்ளர் தண்ணீரில் போட்டுக் கரண்டியால் கலக்கிப் பாருங்கள். இழை இழையாகப் பிரிந்துவிட்டால் அந்தக் காகிதம் ஏற்றது. டிஷ்யூ இரண்டு அடுக்காக இருந்தால் பிரித்து ஓரடுக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பசைக்கு ஒரு மேசைக்கரண்டி மாவில் தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, கட்டியில்லாமல் தோசைமாவைவிடச் சற்றுக் கெட்டியாகக் கரைத்தால் போதும்; காய்ச்ச வேண்டியதில்லை. உப்பு சேர்க்கக் கூடாது. சுவரொட்டி ஒட்டவும் புத்தகம் கட்டவும் காய்ச்சும் பசையில் பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் கலப்பதுண்டு; அத்தகைய பசை வீட்டில் மீதமிருந்தாலும் விதைக்குப் பயன்படுத்தாதீர்கள்.

நாடா செய்தல்

முதலில் உங்கள் செடிப்பையின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். இங்கே 24 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் கொண்ட செவ்வகப் பையை, அதாவது ஏறத்தாழ 60 செ.மீ.க்கு 30 செ.மீ. அளவுள்ள பையை எடுத்துக்கொள்வோம். டிஷ்யூவை 5 செ.மீ. அகலமும் 60 செ.மீ. நீளமும் உள்ள பட்டைகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் நீளவாக்கில் நடுவில் ஒருமுறை மடித்துப் பிரித்துவிடுங்கள். நடுவில் விழும் மடிப்புக்கோடு பின்னால் உதவும். ஒரே துண்டு அவ்வளவு நீளம் வராவிட்டால் இரண்டைப் பசையால் இணைத்துக்கொள்ளலாம்.

டிஷ்யூவின் மேல் பேனாவால் குறியிட்டால் மை பரவும். பென்சில் காகிதத்தைக் கிழிக்கும். ஆகவே ஒரு வெள்ளைத்தாளில் தேவையான இடைவெளியில் கறுப்புப் புள்ளிகளை வைத்து, அதைப் பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் வைத்து, மேலே டிஷ்யூவை விரியுங்கள். புள்ளிகள் தெளிவாகத் தெரியும். அந்தத் தாளை ஆண்டுதோறும் பயன்படுத்தலாம். கேரட்டுக்கு 5 செ.மீ.க்கு ஒரு புள்ளி வீதம் 12 புள்ளிகள், முள்ளங்கிக்கு 6 செ.மீ. வீதம் 10, பீட்ரூட்டுக்கு 10 செ.மீ. வீதம் 6 புள்ளிகள் ஒரு பட்டையில் அமையும். இரு முனைகளிலும் அரை இடைவெளி விட்டுத் தொடங்குங்கள்.

மடிப்புக்கோட்டுக்கு ஒருபுறம், ஒவ்வொரு புள்ளியின் மேலும் குச்சியால் மிளகளவு பசையை வையுங்கள். பட்டை முழுவதும் பூசிவிடாதீர்கள். முழுதும் பூசிய நாடா காய்ந்ததும் அப்பளம்போல் சுருண்டுகொள்ளும். இன்னொரு குச்சியின் நுனியை லேசாக நனைத்து, தட்டில் பரப்பியுள்ள விதையைத் தொட்டால் அது ஒட்டிக்கொண்டு வரும். அதைப் பசையின் மேல் வைத்துவிடலாம்.

ஒரு புள்ளிக்கு எத்தனை விதை? விதைப் பொட்டலத்தில் முளைப்புத்திறன் அச்சிடப்பட்டிருக்கும். கேரட்டுக்கு அது 60 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், மூன்று பட்டைகளிலுள்ள 36 புள்ளிகளில் ஒவ்வொரு விதை வைக்கும்போது ஏறத்தாழ 14 இடங்கள் வெறுமையாகிவிடும். இரண்டிரண்டாக வைத்தால் வெற்றிடம் ஆறளவே இருக்கும். எனவே கேரட்டுக்கு இரண்டு விதை வையுங்கள். முள்ளங்கி நன்றாக முளைக்கும் என்பதால் புதிய விதையாக இருந்தால் ஒன்றே போதும். பீட்ரூட்டில் நாம் விதை என்று எடுக்கும் கரடுமுரடான உருண்டை, உண்மையில் சில விதைகள் சேர்ந்த கொத்து. ஒன்றிலிருந்தே இரண்டு மூன்று முளைகள் வரும். அதற்கும் ஒன்று போதும்.

விதை வைத்து முடித்ததும் மறுபாதியை மேலே மடித்து, புள்ளிகளின் மேல் மட்டும் மெல்ல அழுத்துங்கள். நிழலில் மின்விசிறிக்கு அடியில் இரண்டு மூன்று மணிநேரம் காயட்டும்; நடுவில் ஒருமுறை திருப்பிவிட்டால் தாளோடு ஒட்டாது. வெயிலில் வைக்கக் கூடாது. அதற்காக ஈரமாகவே ஓரிரவு முழுவதும் கிடக்க விடுவதும் தவறு. ஈரத்தில் ஊறி முளைவிடத் தொடங்கிய விதை மறுபடி காய்ந்தால் செத்துவிடும். பசையைக் கெட்டியாகக் கரைக்கச் சொன்னதற்கு இதுவே காரணம்.

உடனே விதைக்கப் போவதில்லை என்றால், காய்ந்த நாடாவைத் தளர்வாகச் சுருட்டி, பயிரின் பெயரையும் தேதியையும் எழுதிய காகித உறையில் போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, நம் ஊர் வெப்பத்தைக் கருதி ஓரிரு மாதங்களுக்குள் பயன்படுத்திவிடுங்கள்.

மண்ணில் இடுதல்

சமவெளியில் கேரட்டுக்கும் பீட்ரூட்டுக்கும் ஐப்பசி முதல் மார்கழி வரை ஏற்ற காலம். முதல் நாளே மண்ணை நன்றாக நனைத்துவிட்டு, மறுநாள் 8 செ.மீ. இடைவெளியில் மூன்று கோடுகள் கீறுங்கள். பீட்ரூட்டுக்கு இரண்டு கோடுகள் போதும். கேரட்டுக்கு அரை செ.மீ. ஆழம், முள்ளங்கிக்கு 1 செ.மீ., பீட்ரூட்டுக்கு ஒன்றரை செ.மீ. வரை போகலாம். நாடாவைக் கிடத்தி, சலித்த மட்கு உரத்தால் மூடி, பூவாளியால் நீர் தெளியுங்கள். காகிதத்தின் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல அது விதையைச் சுற்றியுள்ள ஈரத்தை மேலே இழுத்து உலர்த்திவிடும்; எனவே முனைவரை மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

முள்ளங்கி நான்கைந்து நாளிலும், பீட்ரூட் ஒரு வாரம் பத்து நாளிலும் முளைத்துவிடும். கேரட்டுக்குப் பத்து முதல் பதினைந்து நாள் ஆகும். அதுவரை மேல்மண் ஒருநாள்கூடக் காயக் கூடாது. ஈரச்சாக்கை மேலே போட்டு வைத்து, முதல் முளை தெரிந்த அன்றே எடுத்துவிடுவது நல்லது. ஒருநாள் தாமதித்தாலும் முளைகள் வெளிறி நீண்டுவிடும்.

மாவுப் பசைக்கு எறும்பு வரும். என் இரண்டாவது முயற்சியில் ஒரு வரிசை முழுவதுமே முளைக்காமல் போகவே, மண்ணைக் கிளறிப் பார்த்தபோது காகிதத்தில் ஓட்டைகள் மட்டுமே இருந்தன. அன்றிலிருந்து விதைத்தவுடன் வரிசைகளின் ஓரமாக வேப்பம்பிண்ணாக்குத் தூளைத் தூவி, பையின் அடியிலும் எறும்புப் புற்று இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன்.

ஒரே புள்ளியில் இரண்டு மூன்று செடிகள் வந்தால், அவை விரல் உயரம் வளர்ந்ததும் வலுவான ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றைக் கத்தரிக்கோலால் மண்மட்டத்தில் வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் அசையும். வெட்டிய முள்ளங்கி, பீட்ரூட் இளந்தளிர்களைக் கீரையோடு சேர்த்துச் சமைத்துவிடலாம். முள்ளங்கி நாடாக்களை மட்டும் ஒரே நாளில் எல்லாவற்றையும் இடாமல், பத்து நாளுக்கு ஒன்றாகப் புதைத்து வந்தால், நாற்பதாம் நாளிலிருந்து வாரந்தோறும் சாம்பாருக்குக் காய் கிடைக்கும்.