பழ ஈக்கு ஒரு வாசனைய மறுநாள் வரைக்கும் ஞாபகம் வெக்க பழக்குறது எப்படி

நல்லா கனிஞ்ச மட்டிப்பழம் ரெண்டு இருந்தா பாதி வேலை முடிஞ்சுது மக்கா. நம்ம நாகர்கோவில் பக்கம் அடுக்களையில வாழக்குலைய சுத்தி பொடிப்பொடியா செவத்த கண்ணோட பறக்குமே, அந்த ஈதான். பழத்த பிசைஞ்சு பாட்டில்ல போட்டு வாயில பேப்பர் கோன் சொருகி வெச்சா மறுநாள் உள்ள ஏறிரும், அதுகள ரவை, கருப்பட்டி, கொஞ்சம் ஈஸ்ட் காய்ச்சி ஆறவெச்ச கூழ்ல விடுங்க, 25 டிகிரில சுமார் 10 நாள்ல அடுத்த தலைமுறை வந்துரும். சித்திரை வெயில்ல பாட்டில மண்பானை பக்கத்துல வைங்க. நான் முதல்ல ஜன்னல் திண்டுல வெச்சு மொத்தத்தையும் எறும்பு தின்னு தீத்துட்டு, இப்ப தண்ணி ஊத்தின தட்டுலதான் பாட்டில் நிக்குது.

ஹார்டுவேர் கடையில பிவிசி டீ ஒண்ணு (T எழுத்து மாதிரி இருக்கிற பைப் இணைப்பு), அதோட ரெண்டு கைக்கும் பொருந்துற மாதிரி சின்ன கண்ணாடி குப்பி வாங்குங்க. கேக் எசென்ஸ் ரெண்டு, ரோஸும் ஆரஞ்சும் போதும், தண்ணில நல்லா கலக்கி பஞ்சுல ஒரு சொட்டு விட்டு கொசுவலை துண்டால மறைச்சு குப்பி அடியில வைங்க. பழக்காத ஈய நடுவுல விட்டு பாருங்க, ரெண்டு பக்கமும் ஏறக்குறைய பாதிப்பாதி போகணும், ஒரு பக்கமே சாஞ்சா அந்த எசென்ஸ இன்னும் நீர்க்க வைங்க. இதுல அவசரப்பட்டா பின்னால வர்ற எந்த கணக்கும் நிக்காது.

அடுத்தது பட்டினி. 50 ஈய ஈரப்பஞ்சு மட்டும் வெச்சு 18 மணி நேரம் விடுங்க, தண்ணி கட்டாயம். அப்புறம் ரோஸ் வாசனைல 2 நிமிஷம் சும்மா, அரை நிமிஷம் வெறும் காத்து, பிறகு ஆரஞ்சு வாசனையோட சீனிப்பாகுல முக்கி காயவெச்ச பேப்பர்ல 2 நிமிஷம். லென்ஸ் வெச்சு பாருங்க, பேப்பர்ல கால் பட்டதும் வாய்க்குழல நீட்டி அப்படியே ஒட்டிக்கிட்டு நக்கும், மத்ததுக தலைமேல ஏறி நடந்தாலும் அசையாது.

அந்த 2 நிமிஷத்துக்குள்ள மண்டைக்குள்ள நடக்குறதுதான் எனக்கு அதிசயம். மூளையில காளான் உடலம்னு ஒரு பகுதி, ஒரு பக்கத்துக்கு சுமார் 2000 செல், ஒரு வாசனைக்கு அதுல கொஞ்சம் மட்டும்தான் முழிக்கும், அதே நேரம் சீனி ருசி டோபமைன்ங்கிற மூளை ரசாயனத்த கொண்டு வருது, ரெண்டும் ஒரே செல்லுல சேரும்போது ருட்டபாகாங்கிற ஜீன் செய்யுற என்சைம் சைக்ளிக் ஏஎம்பிங்கிற, செல்லுக்குள்ள சேதி கடத்துற பொருள கூட்டுது. டன்ஸ்னு இன்னொரு ஜீனோட வேலை அத கரைக்குறது, ரெண்டுல எது கெட்டாலும் ஈ சரியா படிக்காது. சில மணி நேர ஞாபகத்துக்கு ஏற்கனவே இருக்கிற புரதத்த மாத்தினா போதும், மறுநாள் வரைக்கும் நிக்கணும்னா க்ரெப்ங்கிற புரதம் ஜீன்கள தட்டி எழுப்பி புதுப்புரதம் செய்ய வெக்கணும். ஈ ஞாபகத்த ஆராயுற டிம் டல்லி குழு 1994ல கரண்ட் ஷாக் வெச்சு காட்டினது இதுதான்: 15 நிமிஷம் இடைவெளி விட்டு 10 தடவை பழக்கினா ஞாபகம் ஒரு வாரம் நிக்குது, இடைவெளி இல்லாம 10 தடவையும் தொடர்ந்து பழக்கினா 4 நாளுக்குள்ள போயிருது. புரதம் செய்யுறத தடுக்குற மருந்து குடுத்தா அந்த ஒரு வார ஞாபகம் வராது. அந்த மருந்து விஷம், வீட்டுல வேண்டாம். பசிச்ச ஈக்கு சீனின்னா ஒரே தடவையில நீண்ட ஞாபகம் வந்துரும், அதனாலதான் இந்த வழிய சொல்லுறேன்.

பழக்கினதும் ஒரு 3 மணி நேரம் கூழ்ல விட்டு, திரும்ப ஈரப்பஞ்சுக்கு மாத்திருங்க. மறுநாள் அதே நேரத்துல இருட்டு அறையில, செவப்பு வெளிச்சத்துல (அந்த வெளிச்சம் ஈக்கு சரியா தெரியாது), சீனி இல்லாம டீயில விட்டு 2 நிமிஷம் கழிச்சு எண்ணுங்க. ஆரஞ்சுல 32, ரோஸ்ல 18னா 32ல 18 கழிச்சு 50ஆல வகுக்கணும், ஞாபக எண் 0.28. இன்னொரு 50 ஈக்கு ரோஸோட சீனி குடுத்து திருப்பி பழக்கி, அதுக்கு ரோஸ்ல போனதுல ஆரஞ்சுல போனத கழிச்சு, ரெண்டு எண்ணுக்கும் சராசரி எடுங்க, இல்லேன்னா அது ஆரஞ்சு பிடிச்சுதான் போச்சான்னு சொல்ல முடியாது. பூஜ்யம் வந்தா உடனே மனசு விடாதீங்க, வயிறு நெறஞ்ச ஈ உள்ள ஞாபகம் இருந்தாலும் அந்த வாசனைய தேடி போகாது, இன்னும் கொஞ்சம் பசிக்க விட்டு திரும்ப டீயில விடுங்க.